ஒரே நோய், இரண்டு வரைபடங்கள்

1957ஆம் ஆண்டு. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில், முலாகோ மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் படுத்துக் கிடந்தான். மேல்தாடை, கீழ்த்தாடை, இடம், வலம் என்று நான்கு பக்கமும் வீங்கி முகமே கோணிப்போயிருந்தது. பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. மருத்துவர் ஹியூ ட்ரோவெல்லுக்கு இன்ன நோய் என்று சொல்லத் தெரியவில்லை. அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட்டைக் கூப்பிட்டுக் காட்டினார். அவருக்கும் பிடிபடவில்லை. சீழ்க்கட்டி என்றால் ஒரு பக்கம்தானே வரும்? புற்று என்றாலும் ஓரிடத்தில்தானே தொடங்கும்?

சில வாரங்கள் கழித்து ஜின்ஜா என்ற ஊரின் மருத்துவமனைக்குப் பர்க்கிட் போயிருந்தார். வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கண், தற்செயலாக ஜன்னலுக்கு வெளியே போனது. புல்தரையில் தாயோடு ஒரு குழந்தை. அதே வீக்கம், அதே முகம். வெளியே ஓடிப்போய்ப் பரிசோதித்தால் வயிற்றிலும் கட்டிகள் இருந்தன. ஒரு பிள்ளைக்கு வந்தால் அபூர்வம் என்று விட்டுவிடலாம். இரண்டாவது பிள்ளைக்கும் வந்தால்?

பழைய நோயாளிகளின் பதிவேடுகளைப் புரட்டினார். படம் போட்ட துண்டறிக்கைகளை அச்சடித்து ஆப்பிரிக்கா எங்கும் உள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்பி, இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். பதில்கள் வர வர, சுவரில் மாட்டிய வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனார். 1961 அக்டோபரில் ஒரு பழைய ஃபோர்டு ஸ்டேஷன் வேகனில், மருத்துவ நண்பர்கள் இருவரோடு கிளம்பினார். பத்து வாரம், ஏறக்குறைய 16,000 கிலோமீட்டர், ஐம்பதுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள். திரும்பி வந்தபோது வரைபடம் தானாகவே பேசத் தொடங்கியிருந்தது. ஆப்பிரிக்காவின் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் கட்டினாற்போல ஒரு பட்டைக்குள்தான் இந்தக் கட்டி வந்தது. குளிரான மலைநாட்டில் இல்லை. மழை பெய்யாத வறண்ட நிலத்திலும் இல்லை. வெப்பமும் மழையும் சேர்ந்த இடம் என்றால், கொசுவும் மலேரியாவும் உள்ள இடம்.

லண்டனில் பர்க்கிட்டின் பேச்சைக் கேட்ட அந்தோனி எப்ஸ்டைன் என்ற ஆராய்ச்சியாளர், இதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தார். கம்பாலாவிலிருந்து கட்டித் துணுக்குகள் விமானத்தில் போய்க்கொண்டே இருந்தன. இரண்டு ஆண்டுக்கு மேலாகியும் ஒன்றும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் ஒருநாள் லண்டனில் கடும் பனிமூட்டம். விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டு, மாதிரி தாமதமாக வந்து சேர்ந்தது. பாட்டிலில் இருந்த திரவம் கலங்கியிருந்தது. கிருமி புகுந்து கெட்டுவிட்டது என்று கீழே ஊற்றியிருக்கலாம். எப்ஸ்டைன் ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கலங்கலுக்குக் காரணம் கிருமி அல்ல; கட்டியிலிருந்து உதிர்ந்து மிதந்த உயிருள்ள புற்றணுக்கள். அவற்றை வளர்த்துப் பார்த்தபோதுதான், 1964இல், மனிதப் புற்றோடு தொடர்புள்ள முதல் வைரஸ் சிக்கியது. எப்ஸ்டைன்-பார் வைரஸ் என்று இன்று அதற்குப் பெயர்.

எந்த ஊரில் வருகிறது, எந்த ஊரில் வரவில்லை என்று பொறுமையாகக் குறித்தே ஒரு புற்றுநோயின் வேரைத் தொட்டுவிட்டார்கள். இது முதல் வரைபடம்: நோய் யாருக்கு வருகிறது என்பது. இரண்டாவது வரைபடம் ஒன்று உண்டு: வந்தவர்களில் யார் சாகிறார்கள் என்பது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பொருந்தவே பொருந்தாது.

உலகப் புற்றுநோய்க் கணக்கை வைத்திருப்பது பிரான்ஸின் லியோன் நகரத்தில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. உலக சுகாதார நிறுவனத்தின் கிளை. அதன் கணக்குப்படி 2022இல் உலகத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வந்தது. 97 லட்சம் பேர் இறந்தார்கள். ஐந்தில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றாவது இந்த நோய் வரும். வருவதில் முதலிடம் நுரையீரல் புற்றுக்கு, சுமார் 25 லட்சம் பேர். அடுத்தது மார்பகப் புற்று, 23 லட்சம் பேர். இப்படியே போனால் 2050இல் புதிய நோயாளிகள் ஆண்டுக்கு 3.5 கோடியைத் தாண்டுவார்கள்.

இந்தப் பெரிய எண்களுக்குள் ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு எத்தனையோ கதைகள் ஒளிந்திருக்கின்றன. கல்லீரல் புற்றுக்கு உலகிலேயே அதிகம் ஆளாகும் நாடு மங்கோலியா. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் அங்கே வீட்டுக்கு வீடு புகுந்திருக்கின்றன. தோலில் வரும் மெலனோமாவில் ஆஸ்திரேலியா முன்னால் நிற்கிறது. மங்கிய வெயிலுக்குப் பழகிய வெள்ளைத் தோல், சுட்டெரிக்கும் வெயிலுக்குக் குடியேறியதன் விலை. ஈரானின் வடகிழக்கில் கோலஸ்தான் பகுதியில் உணவுக்குழாய்ப் புற்று மிகுதி. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் தேநீரும் அபினிப் பழக்கமும் அங்கே சந்தேகத்துக்குள்ளாகி, ஆராயப்பட்டன. சிலியின் அன்டோஃபகாஸ்டா நகரத்தில் 1958 முதல் 1970 வரை குடிநீரில் ஆர்சனிக் அதிகமாகக் கலந்திருந்தது. தண்ணீரைச் சுத்திகரித்துப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்று வந்துகொண்டிருந்தது. உடம்பு பழைய கணக்கை மறப்பதில்லை.

ஆளோடு சேர்ந்து பழக்கமும் கப்பலேறும். ஜப்பானில் இரைப்பைப் புற்று அதிகம். அங்கிருந்து ஹவாயிலும் கலிஃபோர்னியாவிலும் குடியேறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் காலத்தில் அது குறைந்து, மார்பகப் புற்றும் பெருங்குடல் புற்றும் அமெரிக்கக் கணக்கை நோக்கி நகர்ந்தன. இரத்தம் அதே ஜப்பானிய இரத்தம்தான். ஊரும் உணவும் மாறின, நோயும் மாறியது.

இதற்குத் தமிழர் வாழ்விலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ரப்பர் தோட்ட வேலைக்கு மலாயா போனவர்கள் சட்டி பானையோடு வெற்றிலைச் செல்லத்தையும் கொண்டுபோனார்கள். மலேசியாவின் மூன்று பெரிய இனங்களில் வாய்ப்புற்று மிகுதியாகக் காணப்படுவது இந்திய வம்சாவளியினரிடம்தான். இலங்கையிலும் இந்தியாவிலும் ஆண்களுக்கு வரும் புற்றில் முதலிடம் வாய்க்கே. புகையிலைதான் ஆகாது, வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று வீடுகளில் இன்றும் சொல்வதுண்டு. அது தவறு. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும், பாக்கு மட்டுமே என்றாலும், புற்றுநோய் உண்டாக்கும் என்று லியோன் முகமை அறிவித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கல்யாணத் தாம்பூலத்தில் வைக்கும் பொருளைப் பற்றி இப்படிச் சொல்வது மனதுக்குக் கஷ்டமாக இருக்கலாம். சொல்லித்தான் ஆக வேண்டும்.

வரைபடமும் சில நேரம் ஏமாற்றும். தென் கொரியாவில் 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்று 15 மடங்கு பெருகியதாகப் பதிவேடுகள் காட்டின. கொள்ளைநோயா? இல்லை. மற்ற புற்றுகளுக்கான பரிசோதனைக்கு வந்தவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கழுத்துக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். கடைசிவரை தொந்தரவே கொடுக்காமல் இருந்திருக்கக்கூடிய குட்டிக் குட்டிக் கட்டிகளெல்லாம் கண்ணில் பட்டன. அறுவை சிகிச்சை செய்து சுரப்பியை எடுத்தார்கள். ஆனால் தைராய்டு புற்றால் இறப்போர் எண்ணிக்கை மாறவே இல்லை. பணமும் கருவியும் உள்ள நாட்டில் நோய் அதிகமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏழை நாடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. எண்ணுவதற்கே ஆள் இல்லை. எண்ணுவது லேசான வேலையும் அல்ல. சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்திலிருந்து நகரத்தின் பதிவேட்டை நடத்தி வருகிறது. யாரும் தாமாக வந்து பெயர் கொடுப்பதில்லை. பதிவேட்டு ஊழியர்கள்தான் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்க் கேஸ் ஷீட்டுகளைப் பார்க்கிறார்கள், பரிசோதனைக் கூடங்களுக்குப் போகிறார்கள், மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் ஒப்பிடுகிறார்கள். ஒரே ஆள் மூன்று மருத்துவமனையில் மூன்று விதமான எழுத்தில் பெயர் கொடுத்திருந்தால் அவரை ஒருவராகக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த உழைப்பால்தான் ஒரு காலத்தில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்று இறங்கியதும், மார்பகப் புற்று அந்த இடத்துக்கு ஏறியதும் நமக்குத் தெரிகிறது. இப்படிப் பதிவேடு இல்லாத நாடுகளுக்கு, அண்டை நாட்டின் கணக்கை வைத்து மதிப்பிடுவதைத் தவிர லியோன்காரர்களுக்கு வேறு வழி இல்லை.

இனி இரண்டாவது வரைபடம்.

2022இல் அமெரிக்காவில் 24 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்று வந்தது. 6 லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவில் வந்தது 14 லட்சம் பேருக்கு. இறந்தது 9 லட்சத்துக்கும் மேல். மக்கள்தொகையில் நான்கு மடங்கு பெரிய நாட்டில் நோய் குறைவு, சாவு அதிகம். அந்த ஆண்டு இறந்தவர்கள் எல்லோரும் அந்த ஆண்டே நோய் கண்டவர்கள் அல்லர் என்பதால் இது துல்லியமான அளவுகோல் அல்ல. ஆனாலும் இரண்டு நாட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது.

மார்பகப் புற்றை எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். மிக வளர்ந்த நாடுகளில் 12 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் அது வருகிறது. 71 பேரில் ஒருவர் அதனால் இறக்கிறார். வளர்ச்சியில் கடைசியில் நிற்கும் நாடுகளில் 27 பெண்களில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஆனால் 48 பேரில் ஒருவர் இறந்துபோகிறார். அந்த நாடுகளில் கட்டி பாதிக்கு மேல் குறைவு, சாவோ கூடுதல். கட்டியின் குணம் வேறு என்பதால் மட்டும் இப்படி ஆவதில்லை. பட்டாணி அளவில் இருக்கும்போது ஒருத்தி மருத்துவரிடம் போகிறாள்; இன்னொருத்தி புண்ணாகி வெடித்த பிறகு போகிறாள். வெட்கம், பஸ் காசு, வீட்டில் சமைக்க ஆள் இல்லாமை, உள்ளூர் மருத்துவர் சாதாரணக் கட்டி என்று தைலம் கொடுத்து அனுப்பியது என்று அந்த இடைவெளியில் என்னென்னவோ இருக்கின்றன. "முத்திப்போன பிறகு கொண்டுவந்திருக்கீங்களே" என்ற வாக்கியத்தைக் கேட்காத புற்றுநோய் வார்டு தமிழ்நாட்டில் இருக்காது.

குழந்தைகள் விஷயத்தில்தான் இந்த வித்தியாசம் தாங்க முடியாதது. பணக்கார நாட்டில் புற்று வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் முப்பது பேர்கூடத் தேறுவதில்லை. பர்க்கிட் கண்ட அந்தத் தாடைக் கட்டியையே பாருங்கள். மருந்து கொடுத்தே கரைக்கக்கூடிய புற்று என்று கம்பாலாவிலேயே கண்டறிந்தார்கள். அதற்கான சிகிச்சை மையம் 1967இல் முலாகோவில் திறக்கப்பட்டது. புற்றை மருந்தாலேயே குணமாக்க முடியும் என்று உலகம் நம்பத் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே பணியாற்றிய ஜான் ஜீக்லரும் பர்க்கிட்டும் 1972இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருதை வேறு பலரோடு பகிர்ந்துகொண்டார்கள். அதே காலத்தில் இடி அமீனின் ஆட்சியில் நாடு குலைந்தது, ஜீக்லர் வெளியேறினார். இன்று அந்தக் கட்டி வந்த பிள்ளை ஐரோப்பாவில் பிறந்திருந்தால் பத்தில் ஒன்பது பங்கு பிழைக்கும். எந்த ஊர்ப் பிள்ளைகளின் உடம்பிலிருந்து அந்த அறிவு பிறந்ததோ, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதி நிச்சயம்கூட இல்லை.

அதே கம்பாலாவில் 2016இல் கதிர்வீச்சு இயந்திரம் நின்றுபோனது. நம்மூரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வார்களே, அந்தச் சிகிச்சைக்கான கோபால்ட் இயந்திரம். 1995இல் வந்தது. நாடு முழுவதற்கும் அது ஒன்றுதான். கரண்ட் வைப்பது ஒருநாள் வேலை அல்ல. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்தாறு வாரம் தொடர்ந்து வைக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் கட்டி மறுபடி தலைதூக்கும். 400 நோயாளிகளை நைரோபி மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. நைரோபிக்குச் சாலை வழியே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். புதிய இயந்திரம் ஓடத் தொடங்கியபோது 2018 ஜனவரி ஆகிவிட்டது. உகாண்டாவிலாவது ஒன்று இருந்தது. ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்த ஒன்றும் இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமை சொல்கிறது.

பணம் இல்லாத ஊரில் எதுவும் முடியாது என்று யாராவது சொன்னால், அவர்களை ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கைக்குத்தான் அழைத்துப் போக வேண்டும். 2000ஆம் ஆண்டு வாக்கில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. லியோன் முகமையைச் சேர்ந்த ஆர். சங்கரநாராயணனும் அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவமனைக்காரர்களும் சேர்ந்து செய்தது. கருப்பைவாய்ப் புற்று ஒரே நாளில் வருவதில்லை. எச்பிவி என்ற வைரஸ் தொற்றி, உயிரணுக்கள் மெல்ல மெல்லக் குணம் மாறி, புற்றாக முற்ற பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்துவிட்டால் போதும். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி, வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம்.

பயிற்சி பெற்ற நர்ஸ், கருப்பைவாயை வெளிச்சம் வைத்துப் பார்க்கிறார். பஞ்சில் நீர்த்த அமிலத்தைத் தோய்த்துத் தடவுகிறார். ஒரு நிமிடம் காத்திருக்கிறார். நல்ல தோல் அப்படியே இளஞ்சிவப்பாக இருக்கும். மாறத் தொடங்கிய இடம் மட்டும் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுக்கும். அவ்வளவுதான். சந்தேகமான இடத்தைக் குளிர்ச் சிகிச்சையால் உறையவைத்து அழித்துவிடலாம், அதையும் நர்ஸே செய்யலாம். ஸ்கேன் வேண்டாம், வாரக்கணக்கில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். 49,311 பெண்களுக்கு இந்தப் பரிசோதனைக்கான அழைப்பு போனது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் வரவே இல்லை. அப்படியும், பரிசோதனை நடக்காத கிராமங்களோடு ஒப்பிட்டால் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தது. 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானதும் திண்டுக்கல் என்ற பெயரை உலகெங்கும் பெண்கள் நல மருத்துவர்கள் உச்சரிக்கத் தொடங்கினார்கள்.

தடுப்பூசியும் வந்துவிட்டது. எச்பிவிதான் காரணம் என்று காட்டிய ஜெர்மானியர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்திரேலியா 2007லேயே பள்ளி மாணவிகளுக்கு ஊசி போடத் தொடங்கி, நோயை அடியோடு ஒழிக்கும் கட்டத்தை நெருங்குகிறது. பணக்கார நாடு, முடியும் என்று நினைக்கலாம். ருவாண்டாவைப் பாருங்கள். 1994இல் இனப்படுகொலையில் சிதைந்துபோன நாடு. 2011இல் பள்ளிகளிலேயே ஊசி போட ஆரம்பித்து, முதல் ஆண்டிலேயே தகுதியுள்ள சிறுமிகளில் 93 சதவீதம் பேருக்குப் போட்டு முடித்தது. பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடிக் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். இலங்கை 2017இல் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் சேர்த்தது. ஆனாலும் 2022இல் உலகில் மூன்றரை லட்சம் பெண்கள் இந்த ஒரு புற்றால் இறந்திருக்கிறார்கள். பெண்களிடம் முதலிடத்தில் இருக்கும் புற்று இதுதான் என்ற நிலை இன்னும் 25 நாடுகளில் நீடிக்கிறது. அவற்றில் பல, சகாராவுக்குத் தெற்கே உள்ளவை. தடுக்கத் தெரிந்த நோயில் ஒருத்தி சாவதை விதி என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

குணமாக்க முடியாத கட்டத்தில் வந்தவர்களுக்கு வலியாவது இல்லாமல் இருக்க வேண்டும். அங்கேயும் வரைபடம் கோணலாகத்தான் இருக்கிறது. உலகில் ஆண்டுக்கு விநியோகமான சுமார் 298 டன் மார்ஃபின் வகை மருந்தில் மிக ஏழை நாடுகளுக்குப் போனது வெறும் 100 கிலோ என்று லான்செட் ஆணையம் ஒன்று கணக்கிட்டது. மார்ஃபின் விலை உயர்ந்த பொருளே அல்ல. அபினியை அரசே உரிமம் கொடுத்துப் பயிரிடவைக்கும் இந்தியாவில்கூட, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்கி வைக்கவே தயங்கின. 2014இல் சட்டத்தைத் திருத்தித்தான் வழி விட்டார்கள்.

இந்த ஒரு விஷயத்தில் கம்பாலா முந்திக்கொண்டது. 1993இல் ஆன் மெரிமன் என்ற பெண் மருத்துவர் அங்கே குணமாகாத நோயாளிகளுக்கான ஹாஸ்பிஸ் என்னும் பராமரிப்பு அமைப்பைத் தொடங்கினார். மார்ஃபின் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மருந்தாக்கும் முறையை அவர் முன்பு சிங்கப்பூரில் வேலை பார்த்தபோதே மருந்தாளுநர்களோடு சேர்ந்து உருவாக்கியிருந்தார். ஊசி வேண்டாம், மாத்திரை வேண்டாம். ஆனால் மார்ஃபின் எழுதித் தர டாக்டர் வேண்டுமே? கிராமங்களுக்கு டாக்டருக்கு எங்கே போவது? 2004இல் உகாண்டா சட்டத்தையே மாற்றி, தனிப் பயிற்சி பெற்ற நர்ஸுகளும் எழுதலாம் என்றது. மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்குவதில்லை.

நர்ஸ் கிராமத்துக்குப் போகிறார். வீட்டில் பாயில் படுத்திருப்பவரிடம் வலி எங்கே, எத்தனை மணிக்கு வருகிறது, ராத்திரி தூக்கம் உண்டா என்று கேட்கிறார். பிளாஸ்டிக் பாட்டிலில் இருக்கும் மருந்தை எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ அளந்து காட்டுகிறார். ராத்திரிக்கு மட்டும் இரட்டைப் பங்கு கொடுக்கச் சொல்கிறார், நடுவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. மார்ஃபின் மலச்சிக்கல் கொடுக்கும் என்பதால் அதற்கான மருந்தையும் மறக்காமல் சேர்த்தே கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்புகிறார்.